சேலை கார்டு

மழை விழுந்த முதல் பத்து நிமிடம்தான் மோசம்.
அரிசி மில் லாரிகள் கோடை முழுக்கச் சிந்திய டீசல்
தாரிலிருந்து மேலே வந்து மினுங்கும்.
அடித்துப் பெய்தால் பிறகு கழுவிக்கொண்டு போய்விடும்.
அதுவரை புதுவயல் மில் வாசலில்
தகரத்துக்குக் கீழே நின்றேன்.
பெட்டியில் பதினேழு பேருடைய ரத்தம், ஐஸோடு.
லேபிலிருந்து தெய்வானை இரண்டு தடவை கூப்பிட்டாள்.
"கிளம்பிட்டேன்" என்றேன்,
இரண்டு தடவையும்.

அங்கேதான் நீங்கள் கேட்டீர்கள்:
"தம்பி, காரைக்குடியா?"
கையில் டிபன் கேரியர். பச்சைச் சேலை.
ஏழு மணிக்குள் ஆஸ்பத்திரியில் சோறு கொடுக்க வேண்டும்,
பஸ்ஸைக் காணோம்.

குடையை மடக்குங்க என்றேன்.
முந்தானையை இழுத்துச் செருகிக்கிடுங்க.
வளைவில் நான் சாயுற பக்கம் சாயுங்க,
பயந்து எதிர்ப்பக்கம் போகாதீங்க.
"எங்க வீட்டுக்காரரு கட்டினப்பக்கூட
இத்தனை சட்டம் போடலையே"
என்று ஒருபக்கமாய் ஏறி உட்கார்ந்தீர்கள்.

முள் முப்பதைத் தாண்டவில்லை.
வெள்ளைக் கோட்டில் டயரை வைக்கவில்லை,
நனைந்த பெயின்ட் வாழைப்பழத் தோல்.
கண்டனூர் பக்கம் தேங்கிய செம்மண் தண்ணீர்
டீ போலக் கிடந்தது;
டம்ளர் ஆழமா கிணற்று ஆழமா
மேலிருந்து பார்த்தால் சொல்லாது.
முன்னே போன ஆம்னியின் சக்கரம்
எதுவரை முங்கி எழுந்தது என்று பார்த்து
அந்தத் தடத்திலேயே விட்டேன்.
நடுரோட்டில் ஓர் ஆடு நின்று யோசித்தது.
முன்பிரேக்கும் பின்பிரேக்கும் சேர்த்து
தூளியை நிறுத்துகிற மாதிரி பிடித்தேன்.
ஆடு யோசித்து முடித்தது.

ரயில்வே கேட்டில் தண்டவாளம்
ரோட்டைக் கோணலாய் வெட்டுகிறது.
நனைந்த இரும்புக்குத் தெரிந்தவன் தெரியாதவன் கிடையாது.
வண்டியை நிமிர்த்தி, நேர்க்குத்தாய்,
பிரேக்கைத் தொடாமல் கடந்தேன்.
அங்கே பின்சக்கரம் ஒருமுறை விக்கியது.
"ஆத்தீ" என்றீர்கள்.
தண்டவாளந்தான்க்கா என்றேன்.

இறங்கிப் பத்து ரூபாய் நீட்டினீர்கள், வாங்கவில்லை.
என் பேன்ட்டில் உங்கள் ரசம்.
பேர் கேட்டுக்கொள்ளவில்லை நாம்.

பதினேழும் பத்திரம்.
ஒன்றில் மட்டும் ஈரம் ஏறி 'சுப்' வரைக்கும்தான் பேர்.
சுப்பையாவா சுப்புலட்சுமியா என்று
தெய்வானை போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

ராத்திரி ஒன்பதரை.
நாளைக்குக் கழுவலாம் என்று விட்டால்
செம்மண் காரையாய் இறுகிவிடும்.
சூட்டு இன்ஜினில் தண்ணீர் ஊற்றக் கூடாது,
அது ஆறுகிற வரை மூன்று தோசை.
பிறகு வாளி, மக்கு, பழைய பனியன்.
மட்கார்டுக்கு உள்ளே கையை விட்டு வழித்தால்
பாதி கண்டனூர் வந்தது.
நடு ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினை அணைத்து,
சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி
மண்ணெண்ணெயில் தோய்த்த பல் பிரஷ்ஷால் செயின்.
(ஓடவிட்டுத் துடைத்த அடைக்கலம் மெக்கானிக்
இன்றைக்கும் ஒன்பதரை விரலால்தான் பில் எழுதுகிறார்.)

பல்சக்கரத்துக்கும் ஆக்சிலுக்கும் நடுவே
பிரஷ் சிக்கியது.
இழுத்தேன்.
கிரீஸ் கறுப்பில் சுருண்டு
ஒரு சாண் பச்சை.

ரொம்ப நேரம் டார்ச்சை அணைக்கவில்லை.

உங்களுக்கு அத்தனை சட்டம் சொன்னவன்
போன வருஷம் இந்த வண்டி வாங்கிய அன்றே
சேலை கார்டைக் கழற்றிப் போட்டவன், அக்கா.
அது இருந்தால் வண்டி
கல்யாணமானவன் மாதிரி தெரிகிறதாம்.

கட்டிலுக்கு அடியில் கிடந்தது, துருவோடு.
உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.
நாலு போல்ட்டில் மூன்றுதான் இருக்கிறது.
ஸ்பேர் கடை ஒன்பது மணிக்கு,
எனக்குப் பள்ளத்தூர் டிரிப் ஏழரைக்கு.
நாலாவது ஓட்டையில் கட்டுக்கம்பி கொடுத்து முறுக்கினேன்.
ஆட்டிப் பார்த்தேன்.
செயினுக்கு எண்ணெய் விட்டேன்.
திரும்பவும் போய் ஆட்டிப் பார்த்தேன்.